பெயரில்லாத பசை

அக்டோபர் 9, புதன்

இந்த டைரியை என் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய ஷேர் ஆட்டோவில் வழக்கமாக ஏறும் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்ததாம். "ஊரையெல்லாம் வாயால திட்டிகினு இருக்கறதுக்கு இதுல எழுதித் திட்டு. கொழாயாண்ட நான் தல காட்ட முடியல" என்றார். ஏகாம்பரத்துக்கு இப்படி ஒரு யோசனை வந்ததே அதிசயம். சரி, அவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். காலையில் குக்கரை அணைக்கச் சொன்னேன். அணைக்கவில்லை. பருப்பு தீய்ந்துவிட்டது.

அடுத்தது செருப்புக் கடைக்காரன். போன வாரம்தான் ஆம்பூர் பஜாரில் வாங்கினேன். நடக்கும்போது வலது கால் செருப்பு தானாகக் கழன்றுகொள்கிறது. இன்று அது கழன்றதே தெரியாமல் தெருமுனை வரை வந்துவிட்டேன். பின்னால் வந்த பால்காரம்மா கையில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஷூ வேலையிலேயே பதினோரு வருடமாக இருக்கிறவள் நான். எனக்கே இப்படி ஒரு செருப்பை விற்றிருக்கிறான்.

கடைசியாக முதலாளி குணசீலன். ஜன்னலையெல்லாம் மூடச் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 14, திங்கள்

செருப்புக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவன் செருப்பை வாங்கி இழுத்துப் பார்த்தான், வளைத்துப் பார்த்தான். "வாரு நல்லாதாம்மா கீது. நீ கால்ல புடிச்சி நடக்கமாட்டன்ற" என்றான். காலில் பிடித்து நடப்பதற்கு எனக்கு வகுப்பு எடுக்கிறான்! வேறு ஜோடி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அதுவும் கழல்கிறது. ஊரிலேயே ஒழுங்காகச் செருப்பு செய்கிறவன் ஒருவன் இல்லை.

அக்டோபர் 19, சனி

ஜன்னல் விஷயத்தை எழுத வேண்டும்.

எங்கள் யூனிட்டில் ஷூவின் மேல்பாகம் மட்டும் செய்வோம். பெரிய கம்பெனியிலிருந்து தோல் வெட்டி வரும். பெண்கள் நாங்கள் நீள மேசையில் உட்கார்ந்து ஓரத்தில் பசை தடவி, மடித்து, ஒட்டி, தையல் மிஷினுக்கு அனுப்புவோம். முன்பெல்லாம் கம்பெனியே பசையும் அனுப்பும். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் லேட்டக்ஸ் ஒன்று. தண்ணீர் கலந்தது, மூக்கைக் கொஞ்சம் அரிக்கும், காய நேரம் எடுக்கும். மஞ்சள் சொல்யூஷன் இன்னொன்று. அதை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்துத்தான் அழுத்த வேண்டும். பொறுக்கத் தெரியாதவள் ஒட்டியது இரண்டு நாளில் வாயைப் பிளக்கும். எந்தப் பசை எதற்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இப்போது குணசீலனே பசை வாங்குகிறார். நீல டிரம். அதன்மேல் பெயர் இல்லை, கம்பெனி இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. தண்ணி மாதிரி இருக்கிறது, பெட்ரோல் பங்க் வாசனை அடிக்கிறது, தடவின வேகத்தில் காய்கிறது. காற்று பட்டால் கிண்ணத்திலேயே காய்ந்து வீணாகிறது என்றுதான் ஜன்னலுக்கும் சுவரில் இருக்கும் ஃபேனுக்கும் தடை. சாயந்திரம் வெளியே வரும்போது தலை கிர்ரென்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து தள்ளாடினால் ஏகாம்பரம், "இன்னா, ஊத்திகினு வந்தியா?" என்று கேட்கிறார். குடிக்கிறவர் கேட்கிற கேள்வியா இது?

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக்கு வீடு துடைத்தேன். ஸ்டூலில் ஏறினவள் இறங்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விழுந்தேன். ஸ்டூல் ஆடுகிறது. ஆணி அடிக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்வது இந்த மனிதரிடம்?

நவம்பர் 6, புதன்

நசீமாவோடு சண்டை.

நசீமா எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி. இருபத்தாறு வயது, வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. கெட்டிக்காரி, வாயாடி. அவள் பேச்சுக்காகவே நான் வேலைக்கு வருகிறேன் என்று சொல்லலாம். ஆனால் ஒரு மாதமாக அவள் கையிலிருந்து எல்லாம் விழுகிறது. பிரஷ் விழுகிறது, டிபன் பாக்ஸ் மூடி விழுகிறது. இன்று பசைக் கிண்ணமே என் புடவையில் விழுந்தது.

"கண்ண எங்கடி வச்சிகினு கீற?" என்று கத்திவிட்டேன்.

"கண்ணு நல்லாதான்க்கா கீது. கைதான் என் பேச்சக் கேக்கல" என்றாள். "காலைல புள்ளைக்கி கவுன் பட்டன் போட முடியலக்கா. என் மாமியா வந்து போட்டாங்க."

"ராத்திரியில தூங்கு. எல்லாம் சரியாப் போவும்."

அவள் பசை கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து என் புடவையைத் துடைத்தாள். பிறகு அதே துணியில் இரண்டு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு, அதே மேசையில் சோறு சாப்பிட்டோம். தினமும் அப்படித்தான்.

நவம்பர் 15, வெள்ளி

ஏகாம்பரம் ஆட்டோ கண்ணாடியை ஒட்டுகிறேன் என்று சூப்பர் க்ளூ வாங்கிவந்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டு நின்றார். பிடுங்கப் பார்க்கிறார் மனிதர்.

"யோவ், இழுக்காத! தோலோட வந்துடும்!" என்று கத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்துக் கையை ஊற வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மெதுவாக உருட்டிப் பிரித்துவிட்டேன். அந்த ட்யூபை எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? அவருடைய கண் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில்! இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி மூடி. அரைத்தூக்கத்தில் மாற்றி எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டால்? எடுத்து ஆணிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். அரை மணி நேரம் திட்டினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இத்தினிக்கூண்டு ட்யூபுக்கு இம்மாம் பாடம் எடுக்கறியே, நாளெல்லாம் எதுக்கு முன்னாடி குந்திகினு கீற, அது இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்றார்.

சும்மாதான் கேட்டார். எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

நசீமா யூனிட்டில் விழுந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து தோலைப் பிரித்துக்கொண்டிருந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மேசைக் காலைப் பிடித்தாள், கை நழுவியது. மல்லாந்து கிடந்தபடி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். குணசீலன் ஓடிவந்து, "சத்துக் கொறைவும்மா, பேரீச்சம்பழம் சாப்டு" என்றார். அவர் மனைவி கோமளாதான் தண்ணீர் கொடுத்தாள். கோமளாவும் எங்களோடு அதே ஹாலில் உட்கார்ந்து, முடிந்த ஜோடிகளைச் சரிபார்க்கிறவள். நல்லவள்தான். ஆனால் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

நசீமாவின் இடத்தில் நாளைக்கே வேறொருத்தி வருகிறாளாம். அவள் உட்கார்ந்த பலகை இன்னும் சூடு ஆறவில்லை!

நவம்பர் 24, ஞாயிறு

நசீமா வீட்டுக்குப் போனேன். ஆட்டோவில் ஏகாம்பரம் கொண்டுபோய் விட்டார். கிளினிக்கில் ஊசி போட்டு வைட்டமின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டீ எடுத்துவர அவளே எழுந்தாள். நடையைப் பார்த்தேன். ஏகாம்பரமும் வாசலில் நின்று பார்த்தார். ஒவ்வொரு காலையும் முட்டி வரை தூக்கித் தூக்கி, பொத்தென்று வைக்கிறாள். சேற்றில் நடக்கிறவள் மாதிரி.

திரும்பும்போது நான் ஆட்டோவரை நடந்து வந்ததையும் ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீயும் அப்டிதான் நடக்கற" என்றார்.

நான் அப்படி நடப்பதில்லை.

நவம்பர் 25, திங்கள்

நான் அப்படி நடப்பதில்லை.

டிசம்பர் 2, திங்கள்

நசீமாவுக்குத் துணையாகத்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரம்பு டாக்டரம்மா ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காத முகத்தோடு இருந்தார். நசீமாவைச் சுத்தியால் முட்டியில் தட்டிப் பார்த்தார். கால் ஆடவில்லை. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

நசீமா சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அங்கதானா? உள்ள வரும்போது உங்க நடைய பாத்தேன். உக்காருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர். செருப்பு சரியில்ல."

"செருப்ப கழட்டிட்டு கண்ண மூடுங்க. குத்தும்போது சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். "எப்ப குத்துவீங்க?" என்று கேட்டேன்.

"குத்தியாச்சும்மா. அஞ்சு தடவ."

கண்ணைத் திறந்தேன். பெருவிரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. என் ரத்தம்தான்.

பிறகு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சில பசைகளில் சேர்க்கும் கரைப்பான் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும், தோல் வழியாகவும் போகும், கை கால் நுனியிலிருந்து நரம்பைத் தின்றுகொண்டு மேலே வரும். கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் தூசியைத்தான் நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. தின்னரில் கை கழுவுவது அதைவிட மோசம். "எல்லா பசையும் இப்படி இல்ல. அதான் பேர் முக்கியம். அந்த டிரம்ல என்ன இருக்குன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் அந்த ஹாலுக்குள்ள போகக் கூடாது."

எது எப்படி ஒட்டும் என்று பதினோரு வருடமாகத் தெரியும். எது என்ன செய்யும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் நசீமா என் தோளில் தூங்கினாள். எனக்குக் கோபத்தில் பல் கிட்டித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் திட்ட வாய் வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

குணசீலனிடம் கேட்டேன்.

"பேரு தெரிஞ்சி இன்னாக்கா பண்ணப் போற?"

"டாக்டரு கேட்டாங்க."

"டாக்டருங்க ஆயிரம் கேப்பாங்க. சென்னைலருந்து வர்ற சரக்கு. எல்லா யூனிட்லயும் இதான் போடறான். உனக்கு சக்கர இருக்கும், டெஸ்ட் பண்ணிப் பாரு."

"நசீமாக்குமா சக்கர?"

"அக்கா, உன்கிட்ட மரியாதையா பேசறேன். இது வெளிய போச்சின்னா கம்பெனிக்காரன் ஆர்டர நிறுத்திடுவான். உன்னால இத்தினி பேரு வீட்டுல அடுப்பு எரியாது. நீயே சொல்லு, அது நல்லாருக்குமா?"

ஹாலில் எல்லோர் காதிலும் விழும்படித்தான் சொன்னார். நான் வெளியே வரும்போது ஒருத்திகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும், "உனக்கு முடியலன்னா வூட்ல இரு மே. எங்க பொழப்புல ஏன் மண்ணப் போடற?" என்றாள். இவள் பிரசவத்துக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன்!

டிசம்பர் 9, திங்கள்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் போனேன். ஏகாம்பரமும் வந்து வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டார். குணசீலன் ஆபீஸ் அறையில் போனில் இருந்தார். ஹாலுக்குள் நுழைந்து முதலில் ஜன்னல்களைத் திறந்தேன். பிறகு, "எல்லாரும் செருப்ப கழட்டுங்க" என்றேன்.

"இன்னாக்கா, பஜனையா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு.

"கழட்டிட்டு கண்ண மூடிக்கோங்க. நான் வெரல தொடுவேன். எந்த வெரலுன்னு சொல்லணும். சரியா சொல்லிட்டீங்கன்னா நான் பைத்தியக்காரின்னு ஒத்துகினு பூடறேன். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அந்தப் பந்தயத்துக்காகவே காலை நீட்டினார்கள். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு எடுத்து, வரிசையாக உட்கார்ந்து தொட்டேன். முதல் ஆள் சரியாகச் சொன்னாள். மறுபடி சிரிப்பு. இரண்டாவது ஆள், "எங்க, தொடவே இல்லியே" என்றாள். ஈர்க்கு அவள் சுண்டுவிரலை அழுத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகத் தானே காலை நீட்டினாள். தெரிகிறது என்றவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தெரியாதவள், "இன்னொருவாட்டி தொடுக்கா, கவனிக்கல" என்றாள். இன்னொரு தடவை தொட்டேன். தெரியாதவர்களில் டிரம்முக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள்தான் அதிகம் பேர். எங்கள் பிழைப்பில் ஏன் மண்ணைப் போடுகிறாய் என்று கேட்டவளும் அதில் இருந்தாள். அவள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

வரிசையின் கடைசியில் கோமளா. நான் கூப்பிடவில்லை. அவளே மெட்டி போட்ட காலை முன்னால் வைத்தாள். குணசீலன் அப்போதுதான் கதவருகில் வந்து நின்றார். "கோமளா, எழுந்து வா" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெருவிரலைத் தொட்டேன். நடுவிரலைத் தொட்டேன். மெட்டியை அசைத்தேன்.

"ஆரம்பிங்கக்கா" என்றாள்.

கோமளா கண்ணைத் திறந்து சுற்றி எல்லா முகத்தையும் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். எழுந்து போய் நீல டிரம்மின் மூடியைத் திருகி மூடினாள்.

"ஏங்க, இத வெளிய எடுத்துட்டுப் போங்க."

"கோமளா, ஆர்டரு..."

"எடுத்துட்டுப் போங்கன்றேன்ல!"

அவர் எடுத்துப் போனார். உருட்டிக்கொண்டே போனார்.

எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நசீமா விழுந்தபோது பேரீச்சம்பழம். நான் கேட்டபோது சர்க்கரை. அவர் பெண்டாட்டி கால் மரத்ததும்தான் அது விஷமாகிறது. எங்கள் கால் என்ன, கட்டையா?

டிசம்பர் 20, வெள்ளி

நானும் நசீமாவும் தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். கோமளாவும் கையெழுத்துப் போட்டாள். அதிகாரிகள் வந்து டிரம்மில் மாதிரி எடுத்துப் போனார்கள். இன்று பெயர் தெரிந்தது. ஹெக்சேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நான் நினைச்சதுதான். நிறுத்தியாச்சுல்ல, சரியாகும்" என்றார். நாலெழுத்துப் பெயருக்கு எங்கள் ஹாலில் எவ்வளவு பாடு!

ஜனவரி 18, சனி

கால் முன்னைவிட மோசமாகிவிட்டது. அந்த ஹாலுக்குள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நேற்று கரண்டி கையில் நிற்காமல் சாம்பார் கொட்டியது. டாக்டரிடம் போய்க் கத்தினேன். "நிறுத்தினா சரியாவும்னு சொன்னீங்களே!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நிறுத்தின பிறகும் கொஞ்ச மாசம் எறங்கும்மா. அப்புறம்தான் ஏறும். மெதுவா ஏறும். ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம்."

"முழுசா ஏறுமா?"

"உங்களுக்கு ஏறும்னு நம்பறேன். நசீமாவுக்கு எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து ஏகாம்பரத்தைத் திட்டினேன். பாவம், அவர் தான் செய்த ரசத்தைத் தட்டில் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

யூனிட்டுக்குப் போய்ப் பார்த்தேன், வாசலில் நின்றுதான். பெரும்பாலான வேலைக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை வந்துவிட்டது. காய்வதற்கு விளக்குச் சூடு வைத்திருக்கிறார்கள். ஒரு ஒட்டுக்கு மட்டும் சொல்யூஷன் இல்லாமல் முடியாதாம். அது தனி அறையில் இருக்கிறது. மேசைக்கு மேலேயே ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய். கிண்ணத்துக்கு மூடி, அதில் பிரஷ் நுழைய மட்டும் ஓட்டை. கையுறை. கரி டப்பா வைத்த மாஸ்க். பசை டப்பாவின்மேல் பெயர் தமிழில் ஒட்டியிருக்கிறது. சாப்பாடு வெளியே மரத்தடியில்.

"வெள்ள பசைல கை ஓடமாட்டங்குதுக்கா. ஜோடி கொறையுது" என்று பெண்கள் குறைப்பட்டார்கள். ஓடமாட்டேன் என்கிறதாம்! என் வாயில் வந்ததை இங்கே எழுதவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பு எனக்கும் தெரியும்.

கோமளா தடி ஊன்றி நடந்துவந்து பேசினாள். குணசீலன் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஏகாம்பரம் சவாரி முடித்துவந்து சாப்பிடும்போது சொன்னார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு யூனிட் இருக்கிறது. அதன் வாசலில் டெம்போவிலிருந்து நீல டிரம் இறக்கினார்களாம். மேலே ஒரு எழுத்தும் இல்லையாம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததாம்.

கையில் இருந்த தட்டை வீசினேன். விரல் சரியாகப் பிடிக்காததால் அது தூரம் போகாமல் என் மடியிலேயே விழுந்தது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "நாளைக்கி கொண்டும்போய் வுடறேன்" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 5, புதன்

நசீமாவும் வந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, கணுக்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அந்த யூனிட் கேட்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வேலை விட்டு பெண்கள் வெளியே வந்தார்கள். எழுந்துபோய்ப் பேசினேன். டிரம், ஆவி, நரம்பு என்று ஆரம்பித்ததுமே ஒருத்தி, "எங்க மொதலாளி நல்லவரு. உன் வேலையப் பாத்துகினு போ மே" என்றாள். இன்னொருத்தி, "காசு வாங்கிகினு பேசறாளுங்க" என்றாள். வாட்ச்மேன் எழுந்து வந்தான். நானும் விடவில்லை. அவன் காது கிழிகிற மாதிரி பேசினேன். நசீமா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கூட்டம் கலைந்தது. தெரு காலியானது. ஏகாம்பரம் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். தொண்டை வறண்டு போய், நாளைக்கும் வந்து கத்த வேண்டும், நாளைக்கும் இதே பேச்சைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது "காசு வாங்கிகினு" என்று சொன்ன அந்தப் பெண்ணே திரும்பி வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். டீ வாங்க வந்தவள் மாதிரி எங்கள் பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், டீக்கடைக்காரரைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உனக்கு மொதல்ல எங்கக்கா மரத்துது?"

நான் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் விட்டேன்.